பழைய எக்ஸ்பி விஎம்முக்கு ஃபோல்டர் ஷேர் பண்றீங்களா, இதையெல்லாம் பண்ணிப்போடாதீங்க

திருப்பூர்ப் பக்கம் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் பண்ற எடத்துல பழைய விண்டோஸ் எக்ஸ்பில மட்டும்தான் ஓடுவேன்னு அடம்புடிக்கற டிசைன் சாஃப்ட்வேர் இன்னும் இருக்குதுங்க. புதுசு வாங்க மனசு வராது, அதனால விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல்பாக்ஸ்னு, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டற சாஃப்ட்வேர போட்டு, அதுக்குள்ள எக்ஸ்பிய ஏத்தி பொழப்ப ஓட்டறாங்க. உள்ள ஓடற அந்தக் கம்ப்யூட்டரத்தான் விஎம்ங்கறது. அது சரிதான். பார்ட்டி வாட்ஸப்ல அனுப்பற படத்தை உள்ள கொண்டுபோறதும், முடிச்ச டிஎஸ்டி ஃபைல, அதாவது எம்பிராய்டரி மெஷின் படிக்கற டிசைன் ஃபைல, வெளிய எடுக்கறதும்தான் ரோதனை.

எல்லாரும் மொதல்ல பண்றது என்னன்னா, விண்டோஸ் 11-ல ஃபோல்டர ஷேர் பண்ணிப்போட்டு எக்ஸ்பில இருந்து தேடறது. கெடைக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டருங்க ஃபைல் ஷேர் பண்ணிக்கற முறைக்கு எஸ்எம்பின்னு பேரு, எக்ஸ்பிக்கு தெரிஞ்சது அதுல பழைய எஸ்எம்பி1 மட்டும், அதை மைக்ரோசாஃப்ட் 2017 கடைசில வந்த விண்டோஸ் 10 வெர்ஷன்ல இருந்தே இன்ஸ்டால் பண்ணாமத்தான் குடுக்குது. உடனே யூட்யூப் பார்த்து எஸ்எம்பி1-ஐ டிக் போட்டு ஆன் பண்ணீர்றாங்க, வேலையும் நடந்துருது, அதுதான் வம்பு. 2017 மே மாசம் ஃபைல பூட்டிவெச்சு காசு கேக்கற வானாக்ரை வைரஸ் உலகம் பூரா பரவுனது இந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாத்தான். அந்த ஓட்டைக்கு பேட்ச் வந்தாச்சுங்க, ஆனா போற வர்ற ஃபைல என்கிரிப்ட் பண்ற வசதியே எஸ்எம்பி1-ல கெடையாது. வூட்டுல ஒரு கிழவருக்கு காது கேக்கலைன்னு ஊரே கத்திப் பேசோணுமா? உங்க பில்லு, பேங்க் சோலி எல்லாம் இருக்கற நல்ல கம்ப்யூட்டர எக்ஸ்பிக்காக எளக்கி விடாதீங்க.

நெட்வொர்க்கே தேவையில்லைங்க. விர்ச்சுவல்பாக்ஸோட வர்ற கெஸ்ட் அடிஷன்ஸ்ங்கற துணை சாஃப்ட்வேர எக்ஸ்பிக்குள்ள போடுங்க, புது வெர்ஷன் ஏறலைன்னா பழைய வெர்ஷன் ஐஎஸ்ஓ-வ (சிடிய அப்படியே ஒரே ஃபைலா ஆக்குனது) எடுத்துக்கங்க. அப்புறம் விஎம் செட்டிங்ஸ்ல ஷேர்டு ஃபோல்டர்ஸ்ல சேருங்க. விஎம் ஓடறப்பவே சேர்த்தா பெர்மனென்ட்ங்கற டிக்க விட்டுறாதீங்க, விட்டா ஆஃப் பண்ணதும் காணாமப் போயிரும். பேரு சின்னதா, நடுவுல ஸ்பேஸ் இல்லாம வைங்க. இந்த ஃபோல்டர் எக்ஸ்பிக்குள்ள ரெண்டு சாய்கோடு போட்ட நெட்வொர்க் பாதை மாதிரித்தான் தெரியும், பழைய சாஃப்ட்வேர் நெறையா அதை ஏத்துக்காது, அதனால மேப் நெட்வொர்க் டிரைவ் போயி இசட்டுன்னு ஒரு எழுத்து குடுத்துருங்க. விண்டோஸ் 98-னா கெஸ்ட் அடிஷன்ஸே கெடையாது, ஃபைல ஐஎஸ்ஓ-வா பண்ணி சிடி மாதிரி சொருகறதுதான் சுளுவான வழி.

முழு டி டிரைவையும் ஷேர் பண்றவங்க இருக்காங்க, கேட்டா "அவசரத்துக்கு ஆகுமுங்க"ம்பாங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, உள்ள ஒரு வைரஸ் புகுந்தா ஷேர் பண்ணதெல்லாம் ஒட்டுக்கா போயிரும். உள்ள போக ஒண்ணு, வெளிய வர ஒண்ணுன்னு ரெண்டு ஃபோல்டர் போதும், உள்ள போறதுக்கு ரீட் ஒன்லி டிக் போடுங்க. நெட்வொர்க் அடாப்டர பிரிட்ஜ்டுல வெச்சா எக்ஸ்பி ஆபீஸ் வைஃபைல போயி தனி கம்ப்யூட்டரா உக்காந்துக்கும். அதனால அதே எடத்துல கேபிள் கனெக்டட் டிக்க எடுத்துப்போடுங்க, எக்ஸ்பிக்கு நெட்வொர்க்கே இருக்காது.

ஷேர்ல இருக்கற ஃபைல அப்படியே தொறந்து வேலை செய்யறதும் ஆகாது. ஃபாக்ஸ்ப்ரோங்கற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல பண்ணுன கணக்கு ப்ரோக்ராம் இருந்தா இன்னும் மோசம், அது ரெக்கார்ட லாக் பண்ணித்தான் எழுதும், அந்த லாக் ஷேர்டு ஃபோல்டர்ல ஒழுங்கா வேலை செய்யும்னு நம்ப முடியாது, ரெக்கார்ட தேடிக்குடுக்கற இன்டெக்ஸ் ஃபைல் கெட்டுப்போச்சுன்னா ஸ்டாக் கணக்கு ஒண்ணு சொல்லும் குடோன் ஒண்ணு சொல்லும். சி டிரைவுக்கு காப்பி பண்ணி, வேலைய முடிச்சு, மூடிப்போட்டு, அப்புறமேட்டுக்கு வெளிய காப்பி பண்ணுங்க.

விஎம் ஒரு நேரத்துல இருந்த நெலமைய அப்படியே சேமிச்சு வெக்கறதுதான் ஸ்னாப்ஷாட். அதுக்கு பின்னால போனா விஎம் மட்டும்தான் பின்னால போகும், ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கற ஃபைலெல்லாம் இன்னைக்கு இருக்கறபடியே நிக்கும். அதனால பின்னால போறதுக்கு முன்ன சி டிரைவுல முடிச்சு வெச்ச டிசைன வெளிய எடுத்துருங்க, இல்லைன்னா அதுவும் சேர்ந்து போயிரும்.

ஃபைல் பேர தமிழ்ல வைக்காதீங்க, எக்ஸ்பி எப்படியோ சமாளிச்சாலும் உள்ள ஓடற சாஃப்ட்வேர் கேள்விக்குறியாக் காட்டி தொறக்க மாட்டேன்னுரும். பார்ட்டி பேரும் தேதியும் இங்கிலீஷ்ல, எட்டு எழுத்துக்குள்ள.