வீட்டுப் பட்டறைக்குப் பழைய பேண்ட்சா வாங்குவது எப்படி?

மரவேலை பழகத் தொடங்குபவர்கள் எந்த இயந்திரத்தை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், பேண்ட்சா என்றுதான் சொல்வேன். சக்கரங்களில் மாட்டிய வளையமான ரம்பப் பட்டை ஓடி மரத்தை அறுக்கும் இயந்திரம் அது. அதுவும் பழையதாக வாங்குங்கள் என்பேன். வட்ட ரம்பத்தைப் போல் அது மரத்தை ஆளை நோக்கித் திருப்பி எறிவதில்லை. சிறிய இடம் போதும். தடித்த பலகையையும் பிளக்கும். பினாங்குவாசிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாலத்தைக் கடந்தால் பிறை, புக்கிட் மெர்தாஜாம், சற்று வடக்கே சுங்கை பட்டாணி என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக இருக்கின்றன. மரத் தளவாடத் தொழிற்சாலைகள் இயந்திரங்களை மாற்றும்போது, கனத்த வார்ப்பிரும்பில் செய்த நல்ல சரக்கு வெளியே வருகிறது.

துரு, தேய்ந்த பேரிங், வெடித்த பெல்ட், கருகிய சுவிட்ச் ஆகியவற்றையெல்லாம் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். விரிசல் விட்ட வார்ப்பையும் வளைந்த சக்கரத் தண்டையும் தொடக்கநிலையாளர் சரிசெய்ய முடியாது. பார்க்கப் போகும்போது இதை மறக்காதீர்கள்.

முதல் படி: கிளம்பும் முன் மோட்டார்த் தகட்டைப் பாருங்கள்

மோட்டாரில் பதித்திருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம்தான்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தொழிற்சாலையிலிருந்து வருபவற்றில் பல மூன்று ஃபேஸ் மோட்டார்கள். என் முதல் பேண்ட்சாவை, "வீட்டில் ஓடும்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். வீட்டில் இறக்கி, தகட்டின் மேலிருந்த தூளைத் துடைத்தபோது 415 வோல்ட், மூன்று ஃபேஸ் என்றிருந்தது. மோட்டாரையே மாற்ற வேண்டியதாயிற்று.

தகட்டில் 230/400 என்று இரண்டு வோல்ட் அளவுகள் இருந்தால், இணைப்பை மாற்றி, ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் ஓர் இன்வெர்ட்டர் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) வைத்து ஒற்றை ஃபேஸிலேயே ஓட்டலாம். ஜப்பானிலிருந்து வந்த சிறிய இயந்திரங்களில் 100 வோல்ட் என்றிருக்கும். அவற்றுக்குத் தனி மின்மாற்றி தேவை. 2 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரைச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். அதற்குத் தனி வயரிங் வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

இரண்டாம் படி: நேரில் சோதியுங்கள்

டார்ச், மூலைமட்டம், நேரான இரும்பு அளவுகோல், சிறிய சுத்தி ஆகிய நான்கும் போதும். போனவுடன் மோட்டார்மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். கிளம்பாமல் முனகிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான் காரணம். அது விலை குறைந்த பொருள். அதற்காகப் பின்வாங்க வேண்டாம்.

அடுத்து வார்ப்பு. உடற்சட்டத்தின் வளைவு, மேல் சக்கரத்தைத் தாங்கும் இடம், மேசைக்கு அடியிலுள்ள அரைவட்டத் தாங்கி ஆகிய மூன்றிலும் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தடிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது உடைந்த பானையைப் போல் மந்தமாக ஒலிக்கும்.

பிளக்கைக் கழற்றி, ரம்பப் பட்டையையும் பெல்ட்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். சக்கரத்தின் மேல் விளிம்பில் ஒரு கை, கீழ் விளிம்பில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டக்" என்று ஓர் அசைவு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, மறு கையின் விரல்நுனிகளைப் பேரிங் கூட்டின்மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. கெட்டது, அம்மியில் மணல் அகப்பட்டதைப் போல் நறநறவென்று விரலுக்குள் ஏறும். இந்த ஒரு சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள்.

சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையை நகத்தால் அழுத்துங்கள். நகம் சற்றுப் பதிந்து, தடம் மறைய வேண்டும். கல்லாக இறுகியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். என் பாட்டனார் பால்மரம் சீவியவர். இன்று அதே ரப்பர் மரத்தின் பலகையை, ரப்பர் சுற்றிய சக்கரத்தில் ஓடும் ரம்பத்தால் நான் அறுக்கிறேன். அவர் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

மூன்றாம் படி: கொண்டுவருதல்

பேண்ட்சாவுக்கு மேல்பாரம் அதிகம், எளிதில் கவிழும். மேசையைக் கழற்றித் தனியே ஏற்றுங்கள். உடலைப் பிடித்துத் தூக்குங்கள், சக்கரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். லோரியில் தார்ப்பாய் கட்டாயம்.

நான்காம் படி: துருவை எடுத்தல்

மேசைமேல் மண்ணெண்ணெய் தெளித்து, சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். பிறகு 320 எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி ஒரே திசையில் தேயுங்கள். கிரைண்டரை எடுத்தால் மேசை பள்ளம் விழும், அதற்குப் பின் திருத்தவே முடியாது. சிறிய திருகுகளையும் போல்ட்டுகளையும் ஓர் இரவு வினிகரில் ஊறவிடுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே அமில வேலைதான். காலையில் ஆப்பசோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை ஈரமாக்கி, முகமூடி அணிந்தே தேய்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேரிங் மாற்றுதல்

பேரிங்கின் மூடியிலோ வளையத்திலோ 6203, 6204, 6205 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும்: 6204 என்றால் 20 மில்லிமீட்டர், 6205 என்றால் 25. 6203 மட்டும் 17. எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்; மரத்தூள் உள்ளே போகாது.

தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். அந்த அளவுக்கு ஓர் இரும்புக் குழாயை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும். கூட்டுக்குள் இறக்கும்போது நேர்மாறாக வெளிவளையத்தில் அழுத்துங்கள்.

ஆறாம் படி: சுவிட்ச்

பழைய இயந்திரங்களில் சாதாரண சுவிட்ச் இருக்கும். இடியும் மழையுமாக இருக்கும்போது மின்சாரம் போய்த் திரும்பினால், ரம்பம் தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் நின்றதும் தானே அணைந்து, மறுபடி அழுத்தினால்தான் கிளம்பும் காந்த சுவிட்சை மாட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓடும் ரம்பத்தின் அருகே கையுறை வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

பிறகு பராமரிப்பு

கடல் சூழ்ந்த ஊர் இது. துடைத்து வைத்த இரும்பு ஒரு வாரத்தில் செம்மஞ்சளாகும். மாதம் ஒருமுறை மேசையில் சிலிகான் கலக்காத மெழுகைப் பூசி, காய்ந்ததும் துணியால் துடையுங்கள். சிலிகான் மரத்தில் ஒட்டினால் வார்னிஷ் பிடிக்காது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். சில நாள் வேலை இல்லையென்றால் ரம்பப் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, "தளர்த்தியுள்ளது" என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவிட்சில் தொங்கவிடுங்கள்.