ஏபிஐ-க்கு கேஷ் ஹெடர்: முதலில் நோ-கேஷ், அப்புறம்தான் மேக்ஸ்-ஏஜ்

நம்ம ஏபிஐ (வேறு ப்ரோகிராம்கள் டேட்டா கேட்கும் வாசல்) எந்த கேஷ் ஹெடரும் (பதிலை எவ்வளவு நேரம் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கலாம் என்று சொல்லும் குறிப்பு) அனுப்பவில்லை, அதனால் யாரும் எதையும் கேஷ் செய்ய மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது தப்பு. கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடர் மட்டும் போய், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், பிரவுசரும் நடுவில் இருக்கும் ப்ராக்ஸியும் தாங்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம், 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9111 என்ற ஹெச்டிடிபி கேஷ் விதிமுறையே அதற்கு இடம் கொடுக்கிறது. வழக்கமான கணக்கு, கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆகிறதோ அதில் 10 சதவீதம். பத்து நாளைக்கு முன் மாறிய பதில் என்றால் ஒரு நாள் முழுக்க சர்வரைக் கேட்காமலேயே பழசை எடுத்து நீட்டும். ஆகவே எல்லா கெட் (டேட்டாவை வாசிக்கக் கேட்கும் ரிக்வெஸ்ட்) பதிலுக்கும், எப்படிக் கேஷ் செய்யலாம் என்று சொல்லும் கேஷ்-கண்ட்ரோல் ஹெடர் போயே ஆகவேண்டும், கேஷ் வேண்டாம் என்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ப்ரோகிராமைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு எண்ட்பாயிண்டையும் (ஏபிஐ-யின் ஒவ்வொரு முகவரியையும்) பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பதில் எல்லோருக்கும் ஒன்றுதானா, ஆளுக்கு ஆள் மாறுமா? எவ்வளவு நேரம் பழசாக இருந்தால் பரவாயில்லை? இரண்டாவதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளாதீர்கள், அந்த டேட்டாவை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களைக் கேளுங்கள். "உடனே தெரியணும்" என்பார்கள். அஞ்சு நிமிஷம் தாமதமானால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டால் பாதி இடத்தில் ஒன்றும் ஆகாது.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நோ-கேஷ் என்றால் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம் இல்லை: வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுவிட்டுக் கொடு என்று அர்த்தம். வைத்துக்கொள்ளவே கூடாது என்பது நோ-ஸ்டோர். இந்தப் பெயரை வைத்தவர்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

மிடில்வேரில் (எல்லா ரிக்வெஸ்டும் கடந்துபோகும் பொது அடுக்கு) எல்லா எண்ட்பாயிண்டுக்கும் டீஃபால்ட்டாக இதைப் போடுங்கள்:

கேஷ்-கண்ட்ரோல்: பிரைவேட், நோ-கேஷ்

பிரைவேட் என்றால் கேட்டவரின் பிரவுசர் மட்டும் வைத்துக்கொள்ளலாம், நடுவில் இருக்கும் பொதுக் கேஷ் கூடாது. இந்த டீஃபால்ட் தப்பாகப் போனால் சர்வருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு ப்ராஜெக்டில் வேகம் வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=300 (யாரும் 300 செகண்ட் வைத்துக்கொள்ளலாம்) என்று ஒரே வரியில் போட்டுவிட்டோம், அதில் லாகின் செய்தவரின் ப்ரொஃபைல் எண்ட்பாயிண்டும் மாட்டிக்கொண்டது, சிடிஎன் (நடுவில் பிரதி வைத்துக் கொடுக்கும் சர்வர் வலை) முதலில் வந்தவரின் பெயரையும் போன் நம்பரையும் அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. ஆத்தரைசேஷன் ஹெடரோடு வரும் ரிக்வெஸ்டின் பதிலை நடுவில் இருக்கும் கேஷ் சாதாரணமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் குக்கி வழியாக லாகின் என்றால் அந்தப் பாதுகாப்பே கிடையாது, அதோடு நீங்கள் பப்ளிக் என்று எழுதிய நிமிஷம் ஆத்தரைசேஷன் இருந்தாலும் அந்தத் தடை விலகிவிடும்.

அடுத்தது ஈடேக், அதாவது பதிலின் இந்த வெர்ஷனுக்கு ஒட்டும் அடையாளச் சீட்டு. நோ-கேஷ் போட்டுவிட்டு ஈடேக் கொடுக்காமல் விட்டால் ஒவ்வொரு தடவையும் முழுப் பதிலும்தான் போகும். 42-ஆம் நம்பர் பொருளை ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள்:

200 ஓகே
ஈடேக்: "42-17"

மேற்கோள் குறியும் அந்த மதிப்பில் சேர்த்திதான், விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை அதே ஆள் இப்படிக் கேட்பார்:

இஃப்-நன்-மேட்ச்: "42-17"

17 என்பது டேபிளில் இருக்கும் வெர்ஷன் நம்பர். மாறவில்லையென்றால் 304 (மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே எடுத்துக்கொள்), பாடி, அதாவது உள்ளடக்கம், கிடையாது. ஆனால் 200-இல் அனுப்பியிருக்கும் கேஷ்-கண்ட்ரோல், ஈடேக், வேரி (இதைப் பற்றிப் பின்னால்) மூன்றும் 304-லும் போகவேண்டும்.

பதிலை ஹேஷ் செய்தும் (உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்கக் குறியீடு எடுத்து) ஈடேக் உண்டாக்கலாம், நிறைய ஃப்ரேம்வொர்க் அதைத்தான் செய்கிறது. அதில் நெட்வொர்க் மிச்சம், ஆனால் ஹேஷ் போட முழுப் பதிலையும் தயாரித்தாக வேண்டுமே, டேட்டாபேஸுக்கு வேலை குறையாது. டேபிளில் வெர்ஷன் நம்பரை மட்டும் முதலில் பார்த்தால் இரண்டுமே மிச்சம். ஹேஷில் இன்னொரு வலை: ஒரு தடவை 304 வரவே இல்லை என்று அரை நாள் தேடினேன், கடைசியில் பார்த்தால் ஜேசன் பதிலுக்குள்ளேயே சர்வர் நேரம் என்று ஒரு ஃபீல்டு, மில்லிசெகண்ட் வரைக்கும்!

கம்ப்ரெஷனும் கையை வைக்கும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஜிஜிப் முறையில் சுருக்கும்போது ஸ்ட்ராங் ஈடேக்கை (பைட்டுக்குப் பைட் ஒன்று) வீக் (பொருளில் ஒன்று) ஆக்கி முன்னால் "டபிள்யூ/" ஒட்டிவிடும், அப்பாச்சி பின்னால் "-ஜிஜிப்" ஒட்டுவதுண்டு. நாமே எழுதிய ப்ரோகிராம் இரண்டு ஸ்ட்ரிங்கும் அப்படியே சமமா என்று பார்த்தால் கடைசிவரை பொருந்தாது. ஒரே ஹெடரில் கமா போட்டுப் பல ஈடேக்கும் வரலாம், அதையும் பிரித்துப் பாருங்கள். லாஸ்ட்-மாடிஃபைட் போதாதா என்றால், அதன் துல்லியம் ஒரு செகண்ட்தான், ஒரே செகண்டுக்குள் இரண்டு தடவை மாறினால் இரண்டாவது தெரியாமல் போகலாம்.

இதெல்லாம் ஓடிய பிறகு மேக்ஸ்-ஏஜுக்கு வாருங்கள். நாடுகளின் பட்டியல், வகைகளின் பட்டியல் மாதிரி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பவற்றுக்கு மட்டும்:

கேஷ்-கண்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=60, எஸ்-மேக்ஸேஜ்=3600

மேக்ஸ்-ஏஜ் பிரவுசருக்கு, எஸ்-மேக்ஸேஜ் சிடிஎன் மாதிரி பொதுக் கேஷுக்கு. ஏன் ஒன்று 60, இன்னொன்று 3600? சிடிஎன்-இல் இருப்பதை நீங்கள் நினைத்தால் பர்ஜ் செய்யலாம் (அழித்துவிடலாம்), யாரோ ஒருவருடைய போனில் போய் உட்கார்ந்துவிட்டதைத் திரும்ப வாங்க வழியே இல்லை. இங்கே ஒரு சிக்கல்: சிடிஎன் அரை மணி நேரம் வைத்திருந்து கொடுத்தால் ஏஜ்: 1800 என்று சேர்த்து அனுப்பும் (கேஷில் 1800 செகண்ட் இருந்தது என்று அர்த்தம்), பிரவுசர் அதைக் கழித்துப் பார்த்து 60 எப்போதோ தாண்டிவிட்டது என்று முடிவு செய்யும். தப்பில்லை, ஈடேக் இருப்பதால் 304-தான் வரும், ஆனால் இது தெரியாமல் "மேக்ஸ்-ஏஜ் வேலையே செய்யல" என்று குழம்புபவர்கள் உண்டு.

ஒரே முகவரிக்கு ரிக்வெஸ்ட் ஹெடரைப் பொறுத்து வேறு வேறு பதில் வந்தால் அந்த ஹெடரின் பெயரை வேரி ஹெடரில் போடுங்கள். மொழிக்கு அக்செப்ட்-லாங்வேஜ், வேறு தளத்திலிருந்து வரும் அழைப்பை அனுமதிக்கும் கார்ஸுக்காக, எந்தத் தளம் என்று சொல்லும் ஆரிஜினைப் பார்த்து அப்படியே திருப்பி அனுப்பினால் ஆரிஜின். எந்த பிரவுசர், எந்த வெர்ஷன் என்று சொல்லும் யூசர்-ஏஜென்டைப் போடாதீர்கள், ஆளுக்கு ஒரு பிரதி சேர்ந்து கேஷே வீணாகும்.

பிழைகளை மறந்துவிடாதீர்கள். 404-ஐயும் கேஷ் தன் கணக்குப்படி வைத்துக்கொள்ளலாம். மிடில்வேர் கண்ணை மூடிக்கொண்டு 500-க்கும் (சர்வர் பிழை) மேக்ஸ்-ஏஜ் போட்டால் சர்வர் சரியான பிறகும் பிழையே தெரியும். ஸ்டேட்டஸ் முடிவான பிறகு ஹெடரைப் போடுங்கள், 400-இலிருந்து மேலே எல்லாம் நோ-ஸ்டோர்.

சோதிக்க கர்ல் (டெர்மினலில் ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி) போதும். சின்ன ஐ ஆப்ஷன், பெரிய ஐ இல்லை: பெரிய ஐ போட்டால் ஹெடரை மட்டும் கேட்கும் ஹெட் ரிக்வெஸ்ட் போகும், அதற்கு உங்கள் சர்வர் வேறு மாதிரி பதில் சொல்லலாம். முதல் பதிலின் ஈடேக்கை காப்பி செய்து இஃப்-நன்-மேட்சில் ஒட்டி அனுப்பி 304 வருகிறதா பாருங்கள், அப்புறம் டேட்டாவை மாற்றிவிட்டு அதையே அனுப்பி 200 வருகிறதா பாருங்கள். பிரவுசரில் பார்ப்பதானால் டெவலப்பர் டூல்ஸில் கேஷை நிறுத்தும் டிக்கை எடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். நான் எடுக்க மறந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை.