விமானத்தில் எத்தனை மணி நேரம்? மனக்கணக்கே போதும்

தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 850-ஆல் வகுங்கள், ஏறி இறங்க அரை மணி நேரம் சேருங்கள், அவ்வளவுதான். லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,540 கி.மீ., வகுத்தால் ஆறரை, அரையைச் சேர்த்தால் ஏழு மணி நேரம்.

ஆனால் போகும்போது எட்டு மணி நேரம் வரை ஆகும், திரும்பும்போது ஏழுக்குள் முடிந்துவிடும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றுதான் காரணம், குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும்.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், உருண்டையான பூமியை விரித்துப் போட்ட படம் அது, ஏமாற்றிவிடும். பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே வளைந்து போவது தெரியும், உண்மையில் அதுதான் குறுக்குவழி.

அப்புறம், பலரும் தடுமாறுவது டிக்கெட்டில்தான். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், அட மூன்றே மணி நேரமா என்று துள்ள வேண்டாம், ஐந்து மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் எட்டு. திரும்பி வரும்போது அதையே கழிக்க வேண்டும்: இரவு 7-க்கு ஏறி மறுநாள் காலை 7-க்கு இறங்கினால் பறந்தது ஏழு மணி நேரம்தான்.

மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் ஜாக்கிரதை. கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதை மார்ச்சில் அமெரிக்கா பிரிட்டனைவிட இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே செய்துவிடும், அக்டோபர் கடைசியில் அதைப் பழையபடி மாற்றுவதில் பிரிட்டன் ஒரு வாரம் முந்திக்கொள்ளும், அந்த நாட்களில் வித்தியாசம் நான்கு மணி நேரம்தான்.