ஆத்து தண்ணி பங்கு பேச்சுல பண்ணக்கூடாத தப்புங்க

மலேசியாவுல கெடா மாநிலத்துல பொறந்து பினாங்கு மாநில எல்லையில ஓடுறது மூடா ஆறு. கெடாவுல கோலக்கெட்டில் பக்கம் டீக்கடையில அந்த ஆத்து பேச்சு வந்தா சண்டைதான். நம்ம ஆளு 'எங்க கெடா காட்டுல இருந்து வர்ற தண்ணி, காசு குடு'ம்பாரு, பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்துல இருந்து வந்த மச்சான் 'ஆறுதான் எல்லை, எங்க கரையில நாங்க எடுக்குறோம்'பாரு. ரெண்டு விஷயத்தையும் ஒரே மேசையில போட்டு பேசறதே தப்பு. எவ்ளோ எடுக்கலாங்கறது ஒரு கணக்கு, ஆத்துக்கு தண்ணி குடுக்குற கெடாவோட உலு மூடா காட்டை வெட்டாம வச்சிருக்க யார் ஈடு குடுக்கணுங்கறது வேற கணக்கு. கெடா வருஷத்துக்கு 50 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) கேட்டுச்சு, பினாங்கு முடியாதுன்னுச்சு, ரெண்டு கணக்கும் ஒன்னா சிக்கிக்கிச்சு.

இதவிட மோசம், மழை நல்லா பேஞ்ச வருஷத்த வச்சு பங்கு போடறது. அமெரிக்காவுல கொலராடோ ஆத்துக்கு 1922ல ஒப்பந்தம் போட்டப்போ மேல உள்ள மாநிலங்களுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஒசரம் நிக்கற தண்ணிதான் ஒரு ஏக்கர் அடி), கீழ உள்ளவங்களுக்கு 75 லட்சம்னு எழுதிட்டாங்க, அது ஈரமான வருஷங்களோட கணக்கு, அப்புறம் 1944ல மெக்சிகோவுக்கு வேற 15 லட்சம். ஆத்துல அவ்ளோ தண்ணி வழக்கமா வர்றதே இல்ல லா!

காவேரி கதையும் கிட்டத்தட்ட இங்கதான் மாட்டுது. நடுவர் மன்றம் 1990ல வந்துச்சு, இறுதி தீர்ப்பு 2007ல, தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), அத 2018ல உச்ச நீதிமன்றம் 404.25 ஆக்குச்சு. பஞ்ச வருஷத்துல எல்லாரும் விகிதப்படி கொறச்சுக்கணும்னு தீர்ப்புலயே இருக்கு, ஆனா எந்த மாசம் அணையில எவ்ளோ இருந்தா பஞ்சம், யார் எவ்ளோ விடணும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட கணக்கு இல்ல, அதான் மழை பொய்க்கறப்பெல்லாம் கோர்ட்டுக்கு ஓடுறாங்க. என்னைக் கேட்டா ஒப்பந்தத்துல பஞ்ச வருஷத்துக்கான பக்கத்தத்தான் மொதல்ல எழுதணும், அதுவும் அணை நெறஞ்சு யாருக்கும் கோவம் இல்லாதப்போ.

வெலைய பூட்டி வைக்கறது இன்னொன்னு. மலேசியாவோட ஜொகூர் மாநிலத்து ஆத்து தண்ணிய சிங்கப்பூர் வாங்கறதுக்கு 1962ல போட்ட ஒப்பந்தம், 1000 கேலனுக்கு 3 சென், 2061 வரைக்கும். 25 வருஷம் கழிச்சு வெலைய திரும்ப பாக்கலாம்னு இருந்துச்சு, 1987ல மலேசியா கேக்காம விட்டுடுச்சு, இப்ப அந்த உரிமை இருக்கா போச்சான்னே சண்டை.

அப்புறம் 'கடலுக்கு போறதெல்லாம் வேஸ்ட்'ங்கற பேச்சு. ஆத்துல ஓட்டம் கொறஞ்சா கடல் உப்பு மேல ஏறிடும், அது ஏறாம இருக்கத்தான் மூடா ஆத்து வாய்கிட்ட தடுப்பணை கட்டியிருக்காங்க. உப்பு ஏறுன தண்ணி நெல்லுக்கும் ஆகாது குடிக்கவும் ஆகாது, அதனால ஆத்துக்குன்னு ஒரு அளவ ஒதுக்கிட்டு மிச்சத்துலதான் மாநிலங்க பங்கு கேக்கணும்.