வலியோடு குளிர்கடலில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளிர்காலக் கடலில் நீந்திவிட்டுக் கரையேறுகிறவர் எப்படி இருக்கிறார் என்று தெரிய அவர் முகத்தைப் பார்த்தால் போதாது. முகம் சிரித்துக்கொண்டிருக்கும். விரல்களைப் பாருங்கள். சட்டைப் பொத்தான் ஒன்றோடு ஐந்து நிமிடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பொத்தான் பிடியில் இருப்பதே விரலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் துளைக்குள் தள்ள வேண்டும்.

என் முட்டிக்கும் இடது தோள்பட்டைக்கும் என்னைவிட வயது அதிகம். இரண்டும் என்னோடு சண்டை போடாத ஒரே இடம் குளிர்ந்த கடல்தான் என்று கண்டுகொண்ட முதல் குளிர்காலத்தில், இங்கே எழுதப்போகிற தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருந்தது ஒரே குழப்பம்: மரத்துப்போனதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீரில் வலி குறைவது பொய்யில்லை. கழுத்தளவு நீரில் நின்றால் கால்கள் தாங்க வேண்டிய எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். உப்புநீர் நன்னீரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தூக்கிக்கொடுக்கும். குளிர் பட்டதும் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, நரம்பு வழியே செய்தி போகும் வேகம் குறைகிறது. மாடிப்படியில் முனகுகிற முட்டி கடலில் வாயே திறப்பதில்லை. ஆனால் அதே குளிர்தான் தசையையும் தசைநாணையும் விறைக்க வைக்கிறது, மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரையும் கெட்டியாக்குகிறது. கிழியக்கூடிய நிலையில் தசை இருக்கிறது, "இழுக்காதே" என்று சொல்ல வேண்டிய நரம்போ தூங்குகிறது. கோடையில் வீசுகிற அதே வீச்சில் கையை வீசினால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி புரண்டு படுக்கும்போது தெரியும்.

2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு 28 வயது இளைஞரின் கதை வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு விடாமல் இருந்த நரம்புவலி, குளிர்ந்த கடலில் ஒரே ஒரு முறை நீந்தியதும் போய்விட்டது என்பது செய்தி. அதைக் காட்டி "கடலே மருந்து" என்று சொல்பவர்கள் உண்டு. அது ஒரே ஒரு மனிதரின் அனுபவம். அவருக்குப் பலித்தது, நல்லது. அதை வைத்து இன்னொருவரின் இடுப்புவலிக்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது.

அடுத்த தவறு, உடம்பின் எல்லா வேதனையையும் 'வலி' என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடுவது. நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? நேற்று நெடுந்தூரம் நடந்ததால் வந்த கடுப்பு, காலையில் எழும்போது இருந்து நாலு எட்டு நடந்ததும் விட்டுப்போகிற பிடிப்பு, இவற்றோடு, அலை சாதுவாக இருந்தால், இறங்கலாம். எலும்புக்குள் துளை போடுவது மாதிரியான குடைச்சல், அதுவும் சும்மா படுத்திருக்கும்போதே இருந்தால், அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் துணிகளுக்குக் காவல் இருங்கள். கையை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்துகிறதா? அந்தக் கையை நம்பி ஆழத்துக்குப் போகக் கூடாது. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டு, ஏற்கெனவே மரமரத்துக் கிடக்கும் கால், காய்ச்சலோடு வரும் உடம்புவலி, இந்த மூன்றோடும் இறங்கவே வேண்டாம். குளிர் பட்டதும் விரல்கள் வெள்ளையாக வெளுத்துப்போகிற ரேனாட் கோளாறு உள்ளவர்களும், இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

தோள்பட்டை வலி பழகிப்போனவர்களுக்கு இங்கே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி, இவை வந்தாலும் "வழக்கமான தோள்பட்டைதானே" என்று நீந்திக்கொண்டே இருந்துவிடுவார்கள். குளிர்ந்த நீர் ரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றிவிடும். அந்த நேரத்தில் புதிதாக வருகிற எந்த வலியையும் பழைய வலியின் கணக்கில் எழுதக் கூடாது. வெளியே வந்து உதவி கேளுங்கள்.

இறங்குவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்வதும் நடக்கிறது. வலி என்கிற எச்சரிக்கை மணியில் பாதியைக் குளிர் ஏற்கெனவே அடைத்துவிட்டது, மீதியை மாத்திரை அடைக்கும். மாத்திரை போட்டால்தான் நீந்த முடியும் என்கிற நாள், நீந்தக் கூடாத நாள். தைலம் தேய்த்துக்கொண்டு இறங்குவதும் வீண்தான். அதிலுள்ள மென்தால், குளிரை உணர்கிற அதே நரம்புகளைத்தான் தூண்டுகிறது. நிஜக் குளிர் எவ்வளவு என்ற கணக்கு இன்னும் குழம்பும்.

முதல் ஒரு நிமிடம்

"ஒரே குதியாகக் குதித்துவிட்டால் முடிந்தது" என்பது வீம்பு. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நீரில் உடம்பு திடீரென்று முழுகினால், நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் போவது காற்றல்ல, கடல். தொடர்ந்து மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். முதல் அரை நிமிடத்தில் இது உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகத் தணியும். குளிர்ந்த நீரில் போகிற உயிர்களில் பல, உடல் வெப்பம் இறங்குவதற்கு வெகு முன்பே இந்தக் கட்டத்தில் போய்விடுகின்றன.

இதைத் தெரிந்தவர்களும் செய்கிற இன்னொரு தவறு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்குவது. குளிரின் அதிர்ச்சி இதயத்தை "ஓடு" என்று விரட்டும். முகம் நனைந்து மூச்சு நின்றால், உடம்பின் முக்குளிப்பு அனிச்சை அதே இதயத்தை "மெதுவாகப் போ" என்று பிடித்து இழுக்கும். இரண்டு கட்டளையும் ஒரே சமயத்தில் வந்தால் துடிப்பு தடம் புரளலாம். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன், மைக்கேல் ஷாட்டாக் என்பவரோடு சேர்ந்து 2012-இல் விளக்கி எழுதியது இதைத்தான்.

அதனால் நடந்தே இறங்குங்கள். இடுப்பளவு வந்ததும் நின்று, கையால் அள்ளிக் கழுத்திலும் முகத்திலும் தெளித்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் தோளை நனைக்க வேண்டும். தவறி விழுந்துவிட்டால் நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்துகொண்டு மூச்சு நிலைக்கும்வரை இருப்பதுதான் சரி. பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. பல ஆண்டுகளாக மக்களுக்குச் சொல்லித்தருவதும் அதுதான்.

இந்த அதிர்ச்சி பழகக்கூடியது என்பது ஆறுதல். மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை முழுகி எழுந்தாலே அதன் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது என்று டிப்டன் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே முதல் சில நாள் நீச்சலே வேண்டாம். இறங்கி, மூச்சைச் சரிசெய்து, ஏறிவிடுங்கள். முட்டிக்கும் அதுவே போதும்.

கரை எந்தப் பக்கம்

"வெயில் அடிக்கிறதே, தண்ணீர் சுமாராகத்தான் இருக்கும்" என்று நினைப்பது அடிக்கடி நடக்கிறது. கடல் மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடேறும். வடகோளத்தில் பல கடல்கள் மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் வாக்கில், கரையில் வசந்தம் எட்டிப்பார்க்கும் நேரத்தில். வெப்பமானியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்காமல் இறங்குவதில்லை என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும்.

மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் உறைகுளிர் நீருக்கு ஒரு கணக்குச் சொல்வார்: மூச்சை நிலைப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்வரை, உடல் குளிர்ந்து நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். இதில் நமக்கு முக்கியம் நடுவில் இருக்கும் பத்து. அதுகூடத் தோளில் கோளாறு இல்லாதவருக்கான கணக்கு. "தண்ணீர் எத்தனை டிகிரியோ அத்தனை நிமிடம் நீந்தலாம்" என்று நீச்சல்காரர்களிடையே உலவும் வாய்ப்பாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. காற்று, தூக்கம், சாப்பாடு, வயது எதுவும் அதற்குத் தெரியாது.

கைக்குக் கைமேல் சோதனை ஒன்று உண்டு. கட்டை விரலால் சுண்டு விரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை, விரல்கள் நண்டுக்கால் மாதிரி விரிந்தே நிற்கின்றன என்றால் நேரம் முடிந்துவிட்டது. சொல்லப்போனால் அதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டும்.

நேரே கடலுக்குள் போய் நேரே திரும்பி வருவது என்று திட்டம் போடாதீர்கள். போகும்போது இருக்கும் தோள் திரும்பும்போது இருக்காது. கால் எட்டுகிற ஆழத்தில் கரைக்கு இணையாக நீந்தினால், எந்த நிமிடமும் எழுந்து நடந்துவிடலாம். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் இழுவை நீரோட்டம் பிடித்தால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் விறைத்த தோளால் அதுவும் முடியாமல் போகலாம். அலைகளுக்கிடையே இழுவை தெரிந்தால் அன்று இறங்காதீர்கள். காலில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன காலணி கட்டாயம். மரத்துப்போன பாதத்துக்குக் கூழாங்கல் தெரியாது, முட்டியளவு அலையில் கணுக்கால் சுளுக்கிக்கொள்வது பெரும்பாலும் ஏறும்போதுதான். பளிச்சென்ற தொப்பி, மிதவை, கரையில் ஒரு ஆள், இதெல்லாம் சொல்லியே தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், சாதனையாளர்களைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்வது. 2007-இல் வட துருவத்தில் −1.7 டிகிரி நீரில் லூயிஸ் பியூ 1 கிலோமீட்டர் நீந்தினார், 19 நிமிடத்துக்கும் குறைவாக. பின்னால் பல ஆண்டுப் பயிற்சி, பக்கத்தில் ஒரு குழு. அப்படியும் கைகளில் உணர்ச்சி திரும்ப நான்கு மாதம் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஏறிய பிறகுதான் குளிர்

கரையேறிவிட்டோம், இனி என்ன என்று நின்று பேசுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்கிற தவறு. வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்வெப்பம் பத்து முதல் முப்பது நிமிடம்வரை இறங்கிக்கொண்டே போகும். ஏறிய உடனே தெம்பாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் பல் கிட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் உலர்ந்த துணிக்குள் போயிருக்க வேண்டும். முதலில் மேலுடம்பு, உடனே தலைக்குத் தொப்பி, பிறகு கீழே. காலடியில் ஒரு விரிப்பு. துணிகளைப் போடுகிற வரிசையிலேயே அடுக்கி, முதலில் போட வேண்டியதை மேலே வையுங்கள். எல்லாம் தொளதொளவென்று தலைவழி மாட்டுவதாக இருக்கட்டும். பொத்தான் வைத்த சட்டையைக் கொண்டுவந்த நாளோடு நான் அதை விட்டேன்.

வலி உள்ளவர்கள் இங்கேதான் கை நீட்டுவார்கள், சூட்டுக்கு. நேராகச் சுடுநீரில் குளிப்பது, மரத்த தோளில் சூடான ஒத்தடம், யாரையாவது விட்டு முட்டியைத் தேய்க்கச் சொல்வது. மூன்றும் வேண்டாம். சுருங்கிய ரத்தக்குழாய்கள் சட்டென விரிந்தால் அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். உணர்ச்சியில்லாத தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்து, மிதமான சூட்டில் இனிப்பாக எதையாவது குடியுங்கள். மது கூடாது, அது தோலின் குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியே விடும். நடுக்கம் அடங்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், இன்னும் குளிர்ந்திருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால், அல்லது இருமலோடு மூச்சுமுட்டி நுரையோ ரத்தம் கலந்த சளியோ வந்தால், அது அவசர சிகிச்சைக்கான நேரம். விரல் மரமரப்பு மறுநாளும் போகவில்லை என்றாலும் மருத்துவரைப் பாருங்கள்.

கடலில் மறைந்த வலியின் நிஜக் கணக்கு அடுத்த நாள்தான் வரும். அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் கடைசியாக எழுதியது: "தண்ணீர் 9 டிகிரி. 6 நிமிடம். தோள் பரவாயில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் கைப்பிடி தேவைப்பட்டது. அடுத்த முறை 4."