கோஸ்டிக் சோடாவைக் கரைக்கும் முறை: 1 கிலோ தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்துக்கான அளவோடு

வீட்டில் சவர்க்காரம் செய்யத் தொடங்குபவர்கள் எண்ணெயைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்படுகிறார்கள். எண்ணெயால் பெரிதாக ஒன்றும் கெடாது. தொல்லை வருவது கோஸ்டிக் சோடாவால், அதிலும் முக்கால்வாசி அதற்கும் தண்ணீருக்கும் உள்ள உறவால். பை திறந்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நிறையைப் பிழையாக்கும். தண்ணீரில் போட்டால் கொதிக்கிற அளவுக்குச் சூடேற்றும். திருகோணமலையில், உவர்மலையிலோ திருக்கடலூரிலோ கடற்காற்றுக்குள் இருந்து செய்பவர்களுக்கு முதலாவதுதான் பெரிய சிக்கல்.

பொருள் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோடியம் ஐதரொட்சைட்டு, வெள்ளைச் செதில்களாக வரும். சாக்கில் 8ஆம் வகுப்பு அரிக்கும் பொருள் என்ற அடையாளமும், திண்மத்துக்கு 1823 என்ற ஐ.நா. எண்ணும் இருக்கும். கரைசலாக வந்தால் 1824. தூய்மை 98 வீதத்துக்கு மேல் என்று போட்டதை வாங்குங்கள். கடையில் பெயர் ஒட்டாத பையில் அள்ளித் தருவதை வாங்கவேண்டாம். கல்லுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் குசினியில் வைத்துவிடுவார்கள்.

வாங்கிய அன்றே பிரித்து நிறுங்கள்

எல்லாரும் தவறவிடும் படி இது. செதில் ஈரத்தோடு சேர்த்துக் காபனீரொட்சைட்டையும் காற்றிலிருந்து எடுக்கும். எடுத்த பகுதி சோடியம் காபனேற்றாக, அதாவது சலவைச் சோடாவாக, மாறிவிடும். அது தேங்காய் எண்ணெயைச் சவர்க்காரமாக்காது. ஆனால் தராசுக்கு அது தெரியாது. நல்ல செதில் ஓரளவு ஒளி ஊடுருவும், பளபளக்கும். கெட்டது மங்கலாக, மேலே மாப்போல் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக 0.183 கிராம் கோஸ்டிக் தேவை. 1000 கிராமுக்கு 183 கிராம். உடம்புக்குப் போடும் சவர்க்காரம் தோலை வறட்டாமல் இருக்க 15 வீத எண்ணெயைத் தாக்கமடையாமல் விடுகிறோம், எனவே 155 கிராம். ஈரம் ஏறிய செதிலில் 155 கிராம் நிறுத்தால், பத்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று வைத்தாலும், உள்ளே உண்மையில் 140 கிராம்தான். சவர்க்காரம் மெதுமெதுவென்று எண்ணெய்ப்பிசுக்காக வரும். இதனால் ஆபத்தில்லை. "போன தடவை இறுகவில்லையே" என்று அடுத்த தடவை புதுச் சாக்கிலிருந்து ஒரு கரண்டி கூடப் போடுகிறார்களே, அதுதான் ஆபத்து. கோஸ்டிக் 183 கிராமைத் தாண்டினால் அந்தக் கட்டி தோலைச் சுடும்.

ஆகவே பொதி திறந்த அன்றே முழுவதையும் 155 கிராம் பங்குகளாக நிறுத்து, இறுகத் திருகும் மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்து, பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு போத்தல். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருக்கிறதே என்று திறந்து வைக்கவும் கூடாது. பத்து வீத ஈரப்பதனிலேயே இது தண்ணீரை இழுக்கும், கச்சானில் அது கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். மார்கழி மழைக்காலத்தில் திறந்த தட்டில் விட்டால் சிறிது நேரத்தில் செதில் வியர்த்து நனையத் தொடங்கும்.

தகரப் பேணி வேண்டாம். போத்தல்களைக் கண்மட்டத்துக்கு மேலுள்ள தட்டிலும் வைக்கவேண்டாம். பிள்ளைகள் எட்டாதபடி கீழே, பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

பாத்திரம்

அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பொலிப்புரொப்பிலீன் யாடிதான் என் தெரிவு. 2 என்று போட்டதும் காரத்தைத் தாங்கும், ஆனால் சூட்டில் நெளியும். தண்ணீர், சோடா விற்கும் போத்தல் (1 என்று இருக்கும்) கூடவே கூடாது. சூட்டிலும் மெலியும், காரமும் அதை அரிக்கும். கண்ணாடி யாடியைப் பலர் பாவிக்கிறார்கள். நான் பரிந்துரைக்கமாட்டேன். சூடான காரம் கண்ணாடியைச் சிறிது சிறிதாக அரிக்கும், கண்ணுக்குத் தெரியாத கீறலில் ஒருநாள் விரிசல் விழும்.

அலுமினியம் அறவே ஆகாது. கோஸ்டிக் பட்டதும் நுரைத்து ஐதரசன் வாயு வெளிவரும், அது தீப்பற்றும். நாகம் பூசிய வாளியும் இதே கதைதான். எவர்சில்வர் பரவாயில்லை. ஆனால் காந்தம் வைத்துப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, நல்ல எவர்சில்வரிலும் ஒட்டாது. எது என்று சந்தேகமானால் பாவிக்கவேண்டாம். அச்சுக்கு அலுமினியத் தட்டும், அலுமினிய அடியுள்ள கைப்பிளெண்டரும் இதே கணக்கில் விலக்கு. கிளறுவதற்கு நீண்ட எவர்சில்வர் கரண்டி. மரக்கரண்டி நாளடைவில் நார் பிரிந்துவிடும்.

உடம்புக்கு: பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி (மூக்குக்கண்ணாடி இதற்கு ஈடாகாது), முழங்கை நோக்கி நீளும் றப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து. கையுறையை மிச்சம் பிடித்தாலும் கண்ணாடியை மிச்சம் பிடிக்கவேண்டாம். அமிலம் பட்டால் உடனே எரியும், நாமும் கையை எடுத்துவிடுவோம். காரம் முதலில் வழுவழுப்பாக மட்டும் தெரியும். அந்த வழுவழுப்பு தோலின் கொழுப்பே சவர்க்காரமாகிக்கொண்டிருப்பது. நோவு வருவதற்குள் அது ஆழமாக இறங்கியிருக்கும். கண்ணில் இது பார்வையையே எடுத்துவிடும்.

கரைத்தல்

1. பொதியைத் திறக்குமுன் 20 லீற்றர் வாளி நிறையத் தண்ணீரும் ஒரு கோப்பையும் பக்கத்தில் வையுங்கள். குழாயை நம்பவேண்டாம். தண்ணீர் வெட்டு ஒரு பக்கம், நடுப்பகலில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் சுடுவது இன்னொரு பக்கம். காலையில் செய்வது நல்லது.

2. வெளியிலோ, திறந்த யன்னல் அருகிலோ நில்லுங்கள். ஃபானை நிறுத்துங்கள். கச்சான் காலமென்றால் சுவர் மறைவில், காற்று உங்கள் முகத்திலிருந்து யாடிப் பக்கம் போகும்படி.

3. யாடியில் 310 கிராம் தண்ணீர், அதாவது கோஸ்டிக்கின் இரு மடங்கு. பற்றரிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீரை எடுங்கள். யாடியை ஒரு பேசினுக்குள் குளிர்நீரில் வைத்தால் சூடு அடங்கும்.

4. தண்ணீருக்குள் கோஸ்டிக்கைப் போடவேண்டும். ஒருபோதும் கோஸ்டிக்குக்கு மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் முதலில் விழும் கொஞ்சத் தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும்.

5. 155 கிராமை ஐந்து பங்காக, ஒவ்வொன்றும் கரைந்தபின் அடுத்ததைத் தூவுங்கள். கிளறுவதை நிறுத்தவேண்டாம். ஒரே தடவையில் கொட்டினால் செதில் அடியில் இறுகிப் பாளமாகும். பிறகு கரண்டியால் அதைக் குத்தும்போது பாளத்தின் சூடு மொத்தமாக வெளிப்பட்டு மேலே பொங்கும். விபத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாளம் கட்டிவிட்டால் குத்தாமல், தள்ளி நின்று, ஆறவிட்டு மெதுவாகக் கரையுங்கள்.

6. 30 பாகையில் தொடங்கும் தண்ணீர், பேசின் இல்லாவிட்டால், 90 பாகை செல்சியஸை எட்டிவிடும். எழும் ஆவியில் நுண்ணிய காரத்துளிகள் உண்டு. யாடிக்கு மேல் குனியவேண்டாம்.

முதலில் கலங்கல் தெரியும், அது காற்றுக் குமிழ், தெளிந்துவிடும். ஆறிய பிறகும் வடித்த தண்ணீரில் வெண்கலங்கல் நின்றால் உங்கள் செதில் காற்றுப் பட்டது என்று அர்த்தம். கரைசல் 40 பாகைக்கு இறங்கியதும் எண்ணெயில் ஊற்றலாம். எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகியே இருக்கும் என்பதால் இங்கே அதைச் சூடாக்கும் வேலை அனேகமாக இல்லை. தேங்காய் எண்ணெய்க் கட்டி விரைவாக இறுகும். இளஞ்சூடு இருக்கும்போதே வெட்டாவிட்டால் நொறுங்கும். நான்கு வாரம் காயவிடுங்கள்.

பட்டுவிட்டால்

தோலில் உலர்ந்த செதிலென்றால் முதலில் தட்டிவிட்டு, பிறகு குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீர். நனைந்த உடுப்பைக் கழற்றுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் கழுவுங்கள், 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுவது இன்னொருவர் வேலை. வினாகிரியோ தேசிக்காயோ தோலில் வேண்டாம். நடுநிலையாக்கும்போது அதுவும் சூடு கிளப்பும், கழுவும் நேரமும் வீணாகும். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, வாந்தி எடுக்க வைக்காமல், பொதியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வினாகிரிக்கு வேலை நிலத்தில்தான். சிந்திய செதிலை உலரவே கூட்டி அள்ளுங்கள். கரைசலென்றால் உலர்ந்த மணலைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளி, பிறகு தண்ணீர் கலந்த வினாகிரியால் துடையுங்கள்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

கிணற்றுத் தண்ணீர் போதாதா? நிலாவெளி, உப்புவெளிப் பக்கக் கிணறுகள் பலவற்றில் உவர். கல்சியமும் மகனீசியமும் காரத்தோடு வெண்படிவாக இறங்கும், உப்பு கட்டியை நொறுக்கும். குளிக்க அந்தத் தண்ணீர் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உவர்நீரிலும் கடல்நீரிலும் ஓரளவு நுரைக்கும்.

மிஞ்சிய செதிலைக் கழிவறைக்குப் போடலாமா? அங்கே ஐதரோகுளோரிக் அமிலமுள்ள கழிவறைத் திரவம் தேங்கியிருந்தால் கடுமையாகத் தெறிக்கும். அடுத்த தடவைச் சவர்க்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டுக் கெட்டதென்றால் மேலே சொன்னபடியே கரைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஐதாக்கி, எண்ணெய்ப் பிசுக்கேறிய சீமெந்துத் தரையைக் கையுறையோடு தேய்த்துக் கழுவலாம். கிணற்றடியிலும் கடற்கரையிலும் கொட்டவேண்டாம்.