பார்க்கை ஒட்டிக் கேரவன் ரிசார்ட்: குழி தோண்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமணில் மாநிலத்தின் முதல் கேரவன் பார்க் வந்துவிட்டது. அதிலிருந்து பாலக்காட்டு எல்லையோரம் உள்ள வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் பொழுதுபோக்குப் பார்க் வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: பார்க்கை ஒட்டிக் கொஞ்சம் உயர்தரமாகக் கேரவன் ரிசார்ட் ஒன்று போடலாமா?

தண்ணீர், கழிவு, கரண்ட் லைன் இழுத்துக் கொடுப்பது என் வேலை. பார்க்குகளிலும் ரிசார்ட்டுகளிலும் எங்கள் ஆட்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே இப்போது புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வழி அகலமாக இருக்க வேண்டும், வைஃபை வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஃப்ளோரிடாவைப் பார்த்து எண்ணிக்கை போடுவது

கேரவன் ரிசார்ட் என்றதும் எல்லோரும் காட்டுவது டிஸ்னி வேர்ல்டின் ஃபோர்ட் வில்டர்னஸ். 1971 நவம்பரில் திறந்தது. சுமார் 750 ஏக்கர். வண்டியும் கூடாரமும் போட 800 இடங்களுக்குப் பக்கம். அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் படகிலேயே போகலாம். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வருகிறவர்கள் சொந்த வண்டியில், தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். முப்பது அடியிலிருந்து நாற்பத்தைந்து அடி வரை நீளமுள்ள பஸ் மாதிரியான வண்டிகள் அந்த ஊரில் சாதாரணம்.

நம் பக்கம் வருவது பெரும்பாலும் டெம்போ டிராவலர் சேஸிஸில் கட்டிய, ஏழு மீட்டர் அளவிலான வாடகை வண்டி. ஒரு குடும்பம், கூட ஒரு டிரைவர். இந்த வண்டிக்கு நாற்பத்தைந்து அடித் தளம் போட்டால் பாதி இடம் வெயிலில் காயும். அதே சமயம், பஸ்ஸே வராது என்று எல்லாத் தளத்தையும் சின்னதாகப் போட்டாலும் சிக்கல்தான். கோவையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் பெரிய வண்டி எப்போதாவது வரும். வந்தால் அதுதான் அதிகக் கட்டணம் தரும் வண்டி. ஒன்றிரண்டு நீளத் தளம், மற்றதெல்லாம் பத்து மீட்டருக்குள். கேரளக் கொள்கையே குறைந்தபட்சம் ஐம்பது சென்ட் நிலம், ஐந்து வண்டிக்கு இடம் என்றுதான் சொல்கிறது. அந்த ஐந்தில் ஆரம்பிப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கரிசலில் நேராகப் பேவர் பிளாக் பதிப்பது

கேரளத்திலேயே கரிசல் மண் இருப்பது நம் சித்தூர் தாலுகாவில்தான். பருத்திக்கும் கடலைக்கும் நல்ல மண். வண்டி நிறுத்தத் தோதான மண் இல்லை. மழையில் ஊதும், பங்குனியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே மணலைத் தட்டி பேவர் பிளாக் பதித்தால் முதல் வருஷம் அழகாக இருக்கும். இரண்டாம் வருஷம் ஒரு டயர் பக்கம் இறங்கியிருக்கும்.

சாதாரணப் பார்க்கிங்கில் இரண்டு அங்குல இறக்கத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். கேரவனுக்குள் ராத்திரி படுத்திருப்பவருக்குத் தலை கீழே, கால் மேலே. குளிக்கும் தண்ணீர் ஓட்டை இருக்கும் மூலைக்குப் போகாமல் கதவுப் பக்கம் தேங்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த நிலைமையில் விருந்தாளியைப் படுக்க வைக்க முடியாது. கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, ஒவ்வொரு அடுக்காக ரோலர் விட்டு, அதற்கு மேல் கான்கிரீட் போடுங்கள். நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் வாட்டம் போதும். மழைத் தண்ணீர் ஓடிவிடும், படுக்கிறவருக்குத் தெரியாது.

டிரைவருக்கு இடம் வைக்காமல் இருப்பது

வண்டிக்குள் குடும்பம் படுத்துவிடும். டிரைவர் எங்கே படுப்பார்? ஒரு ரூம், ஃபேன், குளியலறை, சாப்பாடு. பிளானில் முதல் நாளே வரையுங்கள்.

தென்னைக்கு அடியில் தளம்

வேண்டாம். கூரைமேல் ஏசியும் சோலார் தகடும் இருக்கின்றன.

கேரவன் கழிவைப் பார்க் எஸ்டிபியில் சேர்ப்பது

எஸ்டிபி என்பது கழிவுநீரைப் பாக்டீரியாவை வைத்துச் சுத்திகரிக்கும் நிலையம். இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு தவறைப் பார்த்தால்தான்.

எல்லைக்குப் பக்கத்தில் ஒரு வாட்டர் பார்க். பெயர் வேண்டாம். கேரவன் தளம் போட்டபோது அங்கிருந்த மேனேஜர் வேறு ஆளை வைத்து வேலையை முடித்துவிட்டார். "ஏற்கெனவே எஸ்டிபி ஓடுதுங்களே, அதுலயே ஒரு லைன் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது" என்பதுதான் அவர் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். திறந்து கொஞ்ச நாளில் எனக்கு போன் வந்தது. எஸ்டிபி பார்த்துக்கொள்ளும் பையன்தான் பேசினான். "அண்ணா, புளோயர் ஓடிட்டேதானுங்க இருக்குது. ஆனா ரெண்டு நாளா அழுகின முட்டை வாசம் வருதுங்க. கேன்டீன் பக்கம் நிக்க முடியலைங்க."

போய்ப் பார்த்தேன். புளோயர் காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் மொண்டு நிழலில் வைத்தோம். நல்ல எஸ்டிபி என்றால் அந்தத் தண்ணீர் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். மழை பெய்த மண் வாசம் வரும். அரை மணி நேரத்தில் சகதி கெட்டியாக அடியில் உட்கார்ந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அன்றைக்கு அரை மணி கழித்தும் குடுவை முழுக்க ஒரே சாம்பல் கலங்கல். எதுவும் அடியில் உட்காரவில்லை. பாக்டீரியா செத்துவிட்டது. புளோயர் வெறும் அழுக்குத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தது.

அதைக் கொன்றது இரண்டு சங்கதி. ஒன்று, கேரவன் டாய்லெட்டில் ஊற்றும் நீல மருந்து. வாடை வராமலிருக்க ஊற்றுவது. பல மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு வகை இருக்கிறது. அதன் வேலையே கிருமியைக் கொல்வதுதான். எஸ்டிபிக்குள் போனாலும் அதே வேலையைத்தான் செய்யும். அதோடு கேரவனில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர்தான் ஃபிளஷ் ஆகும். வீட்டுக் கழிவு மாதிரி நீர்த்து வராது, கெட்டியாக வரும். இரண்டாவது, வாட்டர் பார்க்குக்கே உரியது: குளத்து மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்த, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசிய தண்ணீர். அதில் குளோரின் இருக்கிறது. சில நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான லிட்டர் வந்து விழும். குளோரின் பாதியைக் கொல்லும், வந்து விழும் வேகம் மீதியை அடித்துக்கொண்டு போகும்.

இரண்டும் தனித்தனி நாளில் வந்திருந்தால்கூட எஸ்டிபி தப்பியிருக்கும். ஆனால் நம் பார்க்குகளில் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ராத்திரி ஃபில்டரை அலசுவார்கள். சனி, ஞாயிறு தங்கிய கேரவன்கள் திங்கள் காலை டேங்கைத் திறந்துவிட்டுக் கிளம்பும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எஸ்டிபிக்கு இரண்டு தாக்குதல். வாரா வாரம்.

அப்புறம் நடந்ததுதான் மோசம். எஸ்டிபியை மறுபடி உயிர்ப்பிக்க, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்டிபியிலிருந்து சகதி கொண்டுவந்து ஊற்ற வேண்டும். சாணியும் கரைத்து ஊற்றுவார்கள். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வரும் கழிவைச் செப்டிக் டேங்க் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரம் கொட்டினதை ஊர்க்காரர்கள் பிடித்துவிட்டார்கள்.

இது எந்த ஊர் என்று நினைவில் வையுங்கள். பிளாச்சிமடா இங்கேதான் இருக்கிறது, பெருமாட்டிப் பஞ்சாயத்தில். 2000-ல் வந்த குளிர்பான ஆலை, கிணறுகள் கெட்டுப்போய், ஆலைச் சகதியை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தது தெரியவந்து, ஊரே போராடி, 2004-ல் மூடப்பட்டது. இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் ஒரு பாட்டியம்மாவுக்குக்கூட யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தெரியும். கேட்பதும் நியாயம். மழை மறைவுப் பிரதேசம், போர்வெல்தான் பாதி ஊருக்குக் குடிநீர். உங்கள் ரிசார்ட்டின் கழிவு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினால் அதற்கு ஈடாக நீங்கள் கொடுக்கக்கூடியது எதுவுமே இல்லை.

சரியாகச் செய்வது கஷ்டமில்லை, குழி தோண்டும்போதே செய்தால். கேரவன் கழிவுக்குத் தனித் தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து சின்னப் பம்ப் வைத்து ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எஸ்டிபிக்கு விடுங்கள். ஒரேயடியாக விடக் கூடாது. பேக்வாஷ் தண்ணீர் எஸ்டிபி பக்கமே போகக் கூடாது. அதற்கு வேறு தொட்டி. வெயிலில் நின்று குளோரின் போனதைச் சோதித்துவிட்டு மரங்களுக்குப் பாய்ச்சலாம். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைப் பிரித்துக் கல்வாழைப் பாத்திக்கு விட்டால் எஸ்டிபிக்குப் பாரம் குறையும். நீல மருந்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஃபார்மால்டிஹைடு இல்லாத நொதி மருந்தை நீங்களே இலவசமாகக் கொடுங்கள். போர்டு எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். பாட்டிலைக் கையில் கொடுத்தால்தான் ஊற்றுவார்கள்.

டேங்கைத் திறந்துவிடும் இடத்தில் தரை நடுவை நோக்கிச் சரிய வேண்டும், நடுவில் மூடியோடு நாலு அங்குலக் குழாய். அலசும் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் அடியுங்கள். குடிநீர்க் குழாய் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. ஹோஸை அலசிவிட்டு அதே குழாயில் குழந்தைக்கு வாட்டர் பாட்டில் நிரப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பிளக் பாயின்ட் கொடுப்பது

16 ஆம்பியர் பிளக் ஒன்று போதும் என்கிறார்கள். 230 வோல்ட்டில் அது 3.7 கிலோவாட்டைத் தாண்டாது. ஏசி ஒன்றரை, கீசர் இரண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு. பாலக்காட்டில் நாற்பது டிகிரி அடிக்கும் மார்ச் மாதத்தில் எல்லோரும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். தளத்துக்கு 32 ஆம்பியர் நீலப் பிளக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச். இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். வண்டி முழுக்க இரும்பு. மழைக்காலத்தில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றுதான் கதவைத் திறப்பார்கள்.

துணிப் பந்தலை நம்புவது

மார்கழி, தையில் கீழ்க்காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாய் இரண்டையும் இறுக்கி அனுப்புகிறது. வண்டிப் பக்கவாட்டில் விரிக்கிற துணி கிழிந்துவிடும், கம்பியும் வளையும். தளத்துக்குத் தளம் ஓடு வேய்ந்த சின்னத் திண்ணைக் கொட்டகை கட்டிவிடுங்கள்.

பர்மிட்

தமிழ்நாட்டு வண்டிக்கு என்ன வரி, என்ன பர்மிட் என்பதை வாளையாரில் நின்றுகொண்டு விசாரிக்கக் கூடாது.

ராத்திரியை யோசிக்காமல் இருப்பது

பார்க் மாலை 6 மணிக்கு மூடிவிடும். அப்புறம்? குழந்தைகளோடு வந்தவர்கள் சாயங்காலம் ஆறரைக்குத் தளத்தில் உட்கார்ந்து எதைப் பார்ப்பார்கள்? ஃபோர்ட் வில்டர்னஸில் ராத்திரி தீ மூட்டிப் பாட்டுப் பாடுகிறார்கள், திறந்த வெளியில் படம் போடுகிறார்கள். பார்க் மூடிய பிறகும் தங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பக்கம் அந்தக் காரணத்தை யோசிக்காமல் கேரவன் தளத்துக்கு அறை வாடகை கேட்கிறார்கள். பொழுதுபோக்குப் பார்க் நடத்தும் வொண்டர்லா 2012-ல் தன் பெங்களூரு பார்க்கை ஒட்டி ரிசார்ட் திறந்தபோது கட்டியது அறைகள். படுக்கை, குளியல் எல்லாம் அவர்கள் தருவது. கேரவன்காரர் படுக்கையைத் தானே கொண்டுவருகிறார். அவர் காசு கொடுப்பது இடத்துக்கும் சாயங்காலத்துக்கும்தான்.

மூடிய பிறகு ஒரு குளத்தை மட்டும் தளத்தில் தங்குபவர்களுக்குத் திறந்து வைக்கலாம். இட்லிக் கடை, பணியாரம், பனை நுங்கு என்று ஒரு சின்னச் சந்தை வைக்கலாம். மறுநாள் காலை நெல்லியாம்பதி போக ஜீப் ஏற்பாடு செய்து கொடுங்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் கேரவனை ஏற்ற வேண்டாம். மலம்புழை அணை பக்கத்தில்தான், ஒரு மதியம் போதும்.

எனவே, போடலாமா என்று கேட்பவருக்கு நான் சொல்வது: சாயங்காலத்துக்கு ஒரு ஏற்பாடும் கழிவுக்குத் தனித் தொட்டியும் இருந்தால் போடலாம், இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் வேண்டாம். ஐந்து தளத்தில் தொடங்கி ஒரு ஆடியையும் ஒரு பங்குனியையும் தாண்டிப் பாருங்கள். குழாய் மட்டும் இருபது தளத்துக்குத் தாங்கும் அளவில் முதல் தடவையே புதைத்து, முனைக்கு மூடி போட்டு, எங்கே முடிகிறது என்று சுவரில் அளவு எழுதி வைத்துவிடுங்கள்.